எர்ஹூவுக்கு வைத்த பால்

1988இல் கிங்ஸ்பரி வீட்டின் மேலறையைக் காலி செய்த சீனர், தன் எர்ஹூவைப் பாலாம்பிகையிடம் விட்டுப் போனார். வில்லால் வாசிக்கும் வாத்தியம். இரண்டே தந்தி, அடியில் மலைப்பாம்புத் தோல் போர்த்த சின்னப் பெட்டி. ஆதியில் சீனாவுக்கு வடக்கே இருந்த குதிரைக்காரர் அங்கே கொண்டுவந்ததாம்.

பாம்பென்றால் அவளுக்கு நாகதம்பிரான். வெள்ளிதோறும் விம்பிள்டன் கோயிலுக்குப் போகமுன் எர்ஹூவின் முன்னால் ஒரு கிண்ணம் பால் வைத்தாள். திரும்பி வந்தால் கிண்ணம் காலி. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்திருக்கும் புருசன் அம்பலவாணன்மேல்தான் சந்தேகம்.

“நீங்கள்தானே குடிக்கிறியள்?”

“எனக்குப் பால் ஒத்துவராது எண்டு தெரியாதே?”

அவள் நம்பவில்லை. அடுத்த வெள்ளி பாலில் ஒரு கரண்டி மிளகாய்த்தூளைக் கலந்துவிட்டுப் போனாள். வந்தபோது கிண்ணம் காலி. அவரோ சாவகாசமாகப் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

எர்ஹூவைத் தூக்கிப் பார்த்தாள். தந்தி இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. பெட்டியில் தோலைத்தான் காணவில்லை.