லேண்ட் ஓனர்

இன்னும் கொஞ்ச நேரம் இவர் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தாள் ஆஸிஃபா.

"உப்பளத்தை ஒட்டின அரை ஏக்கர் போதும். கம்பெனி ரிசார்ட் கட்டும். வருமானத்துல லேண்ட் ஓனருக்கு நாப்பது பர்சன்ட்" என்று ஃபைலைப் பிரித்தார் முஜீப். "ஓனர் போட வேண்டிய பணத்துக்கு பேங்க் லோன் கிடைக்கும்."

"லோனை யாரு கட்டுறது?"

"மாசாமாசம் துபாயிலேர்ந்து வந்துடும். அஞ்சே வருஷம்."

"பதினோரு வருஷம் அங்க இருந்தது போதலையா உங்களுக்கு?"

பத்து நாள் லீவில் நேற்றுதான் வந்திருந்தார் கணவர் முஜீப். நிக்காஹ் அன்று மஹராக அவள் பெயருக்குத் தானே எழுதிக் கொடுத்த இடத்துக்கு, இப்போது அவளிடமே கையெழுத்து கேட்டார்.

அவர் நீட்டிய பேனாவை வாங்கி, அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"போட மாட்டேங்க" என்றாள் மெதுவாக.