கதிரவன் கதவைத் திறப்பானா?

"அடுத்தவன்ரை வீட்டிலை இருந்துகொண்டு, அவனுக்கே கதவைப் பூட்டி வைக்கிறவன் மனுசனோ?" என்று கேட்டபடியே தங்கமுத்து பாரை மீனின் தலையை ஒரே வெட்டில் தனியாக்கினாள்.

"பூட்டி வைக்கட்டும். அந்தப் பிள்ளையளுக்கு ஏழு வருசம் சோறு போட்டவன் ஆர்? கதிரவன்தானே," என்றாள் பக்கத்து மீன்தட்டுச் சுவர்ணா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பருத்தித்துறை மீன்சந்தையில் அவர்கள் இருவரையும் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. இரவில் ரீவியில் 'இரட்டை வானம்' நாடகம் பார்த்துவிட்டு, காலையில் அதைப் பற்றிப் பேச ஆள் தேடும் சனம்.

நாடகத்தின் கதை இதுதான்: நம் உலகத்தைப் போலவே இன்னொரு உலகம். இங்கே உள்ளவர்களைப் போலவே அச்சு அசலாக அங்கேயும் ஆட்கள். மனைவியைப் பறிகொடுத்த கதிரவன் ஒரு கதவு வழியாக அங்கே போகிறான். அங்கே அவள் பிள்ளைகளோடு உயிரோடு இருக்கிறாள்; அவள் கணவன்தான் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவனுக்கும் கதிரவனுக்கும் ஒரே முகம். 'நான் வந்துவிட்டேன்' என்று சொல்லிக் கதிரவன் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறான். ஏழு வருடம் கழித்து இப்போது, உண்மையான கணவன் நம் உலகத்தில், கதவின் மறுபக்கம் நின்று தட்டுகிறான். சாவி கதிரவன் கையில்.

"பொய்யிலை கட்டின குடும்பம் நிலைக்காது. தங்கமுத்து சொல்லுறதுதான் சரி," என்று தீர்ப்புச் சொன்னார் பள்ளிக்கூடத்திலிருந்து இளைப்பாறிய இராசசிங்கம் மாஸ்டர். "எனக்கு உந்தப் பாரையிலை பாதி போடு."

"அப்ப அந்த மனுசி என்ன பாவம் செய்தவள், மாஸ்டர்? ரெண்டாந்தரமும் அவள் தாலியறுக்க வேணுமோ?" என்று ஆசுப்பத்திரி நேர்ஸ் ஒருத்தி சண்டைக்கு வந்து, சுவர்ணாவிடம் கணவாய் மீன் வாங்கினாள்.

கூட்டம் சிரித்தது. கோபிகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எதிரேயுள்ள மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் அவள். கடை திறக்குமுன் இந்த இரண்டு பேரிடமும் வந்து முந்திய இரவுக் கதையைச் சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது. அந்த நாடகத்தை முதன்முதலில் இவர்கள் காதில் போட்டவளும் அவள்தான்.

அதற்கு முன் இருவரும் ஒரே கோப்பையில் தேநீர் குடித்தவர்கள். ஒரே குடையின் கீழ் பஸ்ஸுக்கு நடந்தவர்கள். இப்போது இரண்டு தட்டுக்கும் நடுவில் மீன்பெட்டி ஒன்று வேலிபோல நின்றது.

"அக்கா, அது வெறும் நாடகந்தானே. அதுக்காக ஆளோடை ஆள் கதையாமல் விடுறதோ?" என்று கோபிகா கெஞ்சிப் பார்த்தாள்.

"நியாயம் எங்கையும் நியாயந்தான் பிள்ளை. உவளோடை எனக்கு இனிக் கதை இல்லை," என்றாள் தங்கமுத்து.

"எனக்கு மட்டும் இருக்கோ?" என்றாள் சுவர்ணா பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

அன்று கோபிகாவுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவோடு நாடகம் முடிந்தது. மறுநாள் முதலாளி வெளியூர் போனதால் கோபிகா விடியவே கடையைத் திறக்க வேண்டியதாயிற்று. சந்தைக்கு ஓடிவரும்போது உச்சி வெயில்.

தங்கமுத்துவும் சுவர்ணாவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி வாயே திறக்காமல் இருந்தார்கள். கூட்டத்தைக் காணோம்.

"ராத்திரிக் கதையைப் பற்றி ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லுறியள் இல்லை?" என்று கேட்டுக்கொண்டு நின்றார் மாஸ்டர்.

"தலையிடி மாஸ்டர்," என்றாள் தங்கமுத்து.

"எனக்கும்," என்றாள் சுவர்ணா.

மாஸ்டர் சப்பென்று ஆகி, வெறும் பையோடு நடந்தார்.

சண்டை பிடிக்கக்கூட மனமில்லாத அளவுக்கு உறவு முறிந்துவிட்டதே என்று நினைத்தாள் கோபிகா. நேரே போய் நடுவிலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அக்காமார், ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வந்தது தன்ரை புருசன் இல்லையெண்டு அந்த மனுசிக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் வச்சிருந்தவள். கதிரவன் மனம் பொறுக்காமல் கதவைத் திறந்தான். மற்றவன் என்ன சொன்னவன்? 'எனக்கும் இஞ்சாலை ஒரு குடும்பம் ஆயிட்டுது, பிள்ளையளை ஒருக்காப் பாக்கத்தான் தட்டினனான்' எண்டான். கதவும் திறந்தாச்சு, குடும்பமும் உடையேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் சொன்னது சரிதான். நாடகமும் முடிஞ்சுது. இனியெண்டாலும் கதையுங்கோவன்."

"முடிஞ்சுதோ?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

சுவர்ணா எழுந்து வந்து தங்கமுத்துவின் தோளில் கை போட்டாள். தங்கமுத்து அவளைப் பார்த்தாள். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்கள். கோபிகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவளுக்கு.

"எங்கடை ரெண்டு வீட்டிலையும் ரீவியே இல்லைப் பிள்ளை," என்றாள் தங்கமுத்து, சிரிப்பை அடக்க முடியாமல். "காலமை நீ வந்து சொல்லுறதைக் கேட்டுத்தான், ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரிச்செடுத்துச் சண்டை பிடிக்கிறனாங்கள். நீ வந்து விலக்குப் பிடிக்கப் பிடிக்கத்தான் சனமும் கூடுது."

"இண்டைக்கு நீ வரேல்லை, சண்டையுமில்லை, யாவாரமுமில்லை," என்றாள் சுவர்ணா. "இனித் துவங்கிற புது நாடகத்தை ஒழுங்காய்ப் பாத்து வந்து சொல்லு பிள்ளை, இந்த முறை நியாயத்தின்ரை பக்கம் எனக்கு."