அறியாத முகம்

"நீங்க எந்தப் பங்குக் கோயில் ஃபாதர்?"

கேட்டவர் ஒட்டடை. கேட்டது மூக்கனிடம். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழு சாமியார்கள். ஒரே குருமடத்தில் படித்து ஒரே நாளில் குருப்பட்டம் வாங்கியவர்கள். ஐம்பது வருடம் ஆனதற்காகத் தியான இல்லத்தில் மூன்று நாள் தியானம். ஊருக்குள் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. இங்கே, அன்று குருமடத்தில் வைத்த பட்டப்பெயர்கள்தான்.

டமாரம் சிரித்தார். "டேய், மூக்கன்டா. ஏழு வருஷம் உன் பக்கத்துக் கட்டில்ல கிடந்தவன். அவன் குறட்டை இல்லன்னா உனக்குத் தூக்கமே வராது."

ஒட்டடை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அப்படியா? சந்தோஷம் ஃபாதர்" என்று கும்பிட்டார்.

அவருக்கு மற்ற ஐந்து பேரையும் தெரிகிறது. எவன் லத்தீனில் எத்தனை மார்க் வாங்கினான் என்பது வரை தெரிகிறது.

"வயசாச்சு, விடுடா" என்றார் டமாரம்.

"வயசானா என்னை மட்டும்தான் மறக்குமா?"

மூக்கன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒட்டடைக்காகத்தான். மற்ற ஐந்து பேருக்காக இந்த வயதில் தெருமுனை வரை கூட நடந்திருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் மாலை பாவசங்கீர்த்தனம். சாமியார்களுக்கும் உண்டு. ஆனால் பழகியவனிடம் பாவத்தைச் சொல்ல நாக்கு எழாது. அறியாத முகமாகப் பார்த்துத்தான் போவார்கள். வழக்கமாக வெளியிலிருந்து ஒருவர் வருவார். இந்த முறை அவருக்குக் காய்ச்சல். "நீங்களே ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கோங்க" என்றுவிட்டார்கள் இல்லத்தில்.

மூக்கன் கோயில் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒட்டடை தடியை ஊன்றிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"உங்களை எனக்குப் பழக்கம் இல்லை ஃபாதர். அதான் உங்ககிட்ட வந்தேன்."

'போடா' என்று வாய் வரை வந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கப் போடும் ஊதாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"கடைசி வருஷம், மேல்படிப்புக்கு வெளிநாடு போக ஒரே ஒரு இடம். என் சிநேகிதனுக்குத்தான் கிடைச்சிருக்கணும். அவன் குடிக்கிறான்னு குருமட ரெக்டருக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன். அவனுக்குக் காப்பியே ஒத்துக்காது ஃபாதர். நான் போனேன். அவனைக் கடைக்கோடிப் பங்குகள்லயே வச்சுட்டாங்க."

மூக்கன் ஐம்பது வருடமாக அந்தக் கடுதாசிக்கு ஆள் தேடியிருக்கிறார். டமாரத்தைச் சந்தேகப்பட்டார். ரெக்டரையே சந்தேகப்பட்டார். பக்கத்துக் கட்டிலை மட்டும் விட்டுவிட்டார்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் முகத்தைப் பார்த்து எப்படி ஃபாதர் சொல்றது?"

'நான்தான்டா அவன்.' இரண்டே வார்த்தை. சொன்னால் நண்பன் திரும்பக் கிடைப்பான். சொன்னால் இந்தக் கிழவன் கூனிக்குறுகிச் செத்தும் போவான். வார்த்தையை விழுங்கினார்.

"அவன் மன்னிப்பானா ஃபாதர்?"

"மன்னிக்காம? இந்த வயசுல வேற என்னத்தைக் கிழிக்கப்போறான்."

"பரிகாரம்?"

"அவருக்காகத் தினம் ஒரு செபம் சொல்லுங்க."

"அம்பது வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப நிறுத்திடுங்க. போதும்."

ஒட்டடையின் தலையில் கை வைத்து மன்னிப்பு மந்திரம் சொன்னார். சிலுவை போட்டார். அதோடு சரி. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிச் சாமியார் இனி வெளியில் மூச்சுவிடக் கூடாது. சொன்னவனிடமே கூட.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்பினார்கள். ஒட்டடை ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்தார். மூக்கனிடம் வந்து கும்பிட்டார்.

"வரேன் ஃபாதர்."

"சரி ஃபாதர். படி இருக்கு, பார்த்து."

கார் வாசலைத் தாண்டித் திரும்பி மறைந்தது. மூக்கன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தியான இல்லத்தைக் கவனிக்கும் சிஸ்டர் அறைச் சாவிகளோடு வந்தார். "உங்க ஃப்ரெண்டு போயிட்டாரா ஃபாதர்?"

"ஃப்ரெண்டா? அவனுக்கு என்னை அடையாளமே தெரியலம்மா. மூளை மழுங்கிப்போச்சு, பாவம்."

சிஸ்டர் விழித்தார்.

"என்ன ஃபாதர் சொல்றீங்க? முதல்ல வரலைன்னுதான் சொன்னார். அப்புறம் மூணு தடவை போன் பண்ணி, உங்க முழுப் பேரையும் சொல்லி, நீங்க வர்றீங்களான்னு கேட்டார். வர்றீங்கன்னு சொன்ன பிறகுதான் தன் பேரையே எழுதிக்கச் சொன்னார்."