சிவப்புக் கோட்டுக்குக் கீழே

சிலேனி மறுபடியும் வாசலுக்கு வந்து, கம்பத்தில் கட்டியிருந்த பாட்டிலைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் நின்றது.

அப்பாடா என்றிருந்தது.

முந்தாநாள் தெற்கிலிருந்து குளிர்காற்று வந்து சாவ் பாவ்லோவின் வெக்கையை முட்டியபோது அப்படி இடித்தது. தெருவில் எல்லாரும் மின்னலுக்குப் பயந்து கண்ணாடிகளைத் துணி போட்டு மூடி, குருத்தோலையைக் கொளுத்தி, இடியிலிருந்து காக்கும் புனிதை சாந்தா பார்பராவைக் கூப்பிட்டார்கள். இடி நின்றதும் பயம் விட்டுப்போனது.

சிலேனிக்கு அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. வந்த குளிர்காற்று நகராமல் நகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை, மழை மட்டும் விட்டபாடில்லை. வேலைக்குப் போன இடத்தில் வெள்ளத்தில் சிக்கி, ராத்திரி அங்கேயே கிடந்துவிட்டு, இன்று காலையில்தான் அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

இந்த மேட்டுத் தெருவை ஆறு ஒன்றும் செய்யாது. பின்னால் நிற்கும் செம்மண் சரிவுதான் எமன்.

அதற்காகத்தான் பேரிடர்த் துறைக்காரர்கள் பாட்டிலில் கோடு போட்டுக் கட்டி, அவள் கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டுப் போனார்கள். சேர்கிற மழை கோட்டைத் தொட்டால் ஊத வேண்டும். எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். போன கோடையில் அவள் பயந்துபோய் முன்கூட்டியே ஊதிவிட்டாள். ஒரு பிடி மண்கூட விழவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் விசில்காரி.

மத்தியானம் சரிவை ஒட்டிய கடைசி வீட்டு ஜெனிவால், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன விசில்காரி, கிளம்பணுமா வேண்டாமா? புள்ளைக்குக் காய்ச்சல். இந்த ஈரத்துல சும்மா தூக்கிட்டு அலைய முடியாது."

அவள் பாட்டிலைக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு டோனா ஜுல்மிரா, குடையோடு தெருவைத் தாண்டி வந்தாள். டெங்குவில் தம்பியைப் பறிகொடுத்தவள். பழைய டயரோ பூந்தொட்டித் தட்டோ, எதில் தண்ணீர் தேங்கினாலும் கவிழ்த்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை.

"இத இப்படித் திறந்து போட்டுட்டு எங்கடி போயிட்ட? கொசு முட்டை போடாதா? கழுத்து வரைக்கும் நெறஞ்சு கெடந்துச்சு. விடியக்காலையில நான்தான் கொட்டி வச்சேன்."

அப்படியானால் மழை கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது.

விசிலை ஊதிக்கொண்டே ஓடினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிலர் திட்டினார்கள், ஆனாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசி வீடு மட்டும் திறக்கவில்லை.

அவள் வெளியிலிருந்து தள்ளினாள். உள்ளேயிருந்து ஜெனிவால் இழுத்தான். குழந்தை அழுதது.

"சிலேனி, கதவு வரமாட்டேங்குது" என்றான். குரலில் கேலி துளியும் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மத்தியானம் அவன் சாத்தும்போது நேராக இருந்த கதவுநிலை, இப்போது தெருப்பக்கம் சாய்ந்திருந்தது.