கொம்புப் பச்சை

கிருஷ்ணாயிலில் நனைத்த துணியை வைத்து எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் அந்தப் பச்சை அசையவில்லை.

எனாமல் பெயிண்ட் வெயிலில் காய்ந்துவிட்டால் அப்படித்தான், சனியன் மாதிரி பிடித்துக்கொள்ளும். தின்னர் ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். கூடவே அம்பாசடரின் வெள்ளையும் உரிந்துவிடும், அப்புறம் தேசப்பனுக்கு டிரைவர் வேலை இருக்காது.

முன் மட்கார்டில் ஆரம்பித்துக் கதவுக் கைப்பிடி வரைக்கும் நீளமாக இழுத்திருந்தது கோடு.

“எங்கியோ பொங்கல் பந்தல் கால்ல உரசிடுச்சுப்பா. நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து சேர்மன் வர்றார். அவர் கண்ணுல படக்கூடாது” என்று சொல்லிவிட்டு மேனேஜர் துளசிராமன் குவார்ட்டர்ஸுக்குள் போய்விட்டார்.

காலையில் ஆரணியில் யார் வீட்டுக்கோ அவரே ஓட்டிக்கொண்டு போயிருந்தார். மாட்டுப் பொங்கலாச்சே, மத்தியானத்துக்கு மேலே வந்தால் போதும் என்று தேசப்பனுக்கு லீவு கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனுஷர்.

தேசப்பன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கும்மிடிப்பூண்டிக் கடைகளில் இந்தப் பச்சை கிடைக்காது. ஃபாக்டரியில் மிஷின்களுக்கு அடிக்கிற பச்சை இது. தினமும் அதன் நடுவிலேயே நடக்கிற மேனேஜருக்கு அடையாளம் தெரியவில்லை.

தேசப்பனுக்குத் தெரிந்தது. ஸ்டோரிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போனவனே அவன்தான். விடிகாலையில் ஏரியில் பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பூசியவனும் அவன்தான். ஒரு கொம்புக்குத்தான் போதுமானதாக இருந்தது. இன்னொன்றுக்கு மஞ்சளைக் குழைத்துத் தடவினான்.

பெயிண்ட் காய்வதற்குள், அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் பசுவை ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தபோது, பின்னால் வந்த கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. புழுதியில் எந்தக் கார் என்று அவளுக்குத் தெரியவில்லை. உச்சிவெயிலுக்குள் பசு செத்துப்போயிற்று. அதன் கன்று இன்னும் புல் கடிக்க ஆரம்பிக்கவில்லை.

அவன் டூட்டிக்குக் கிளம்பும்போது அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “நீதான் தெனம் காருங்களோட பொழங்குற. எந்தக் கார்ல பச்சை ஒட்டிக்கினு இருக்குதுன்னு பாரு. அத்த பாக்காம ஊட்டுக்கு வராதய்யா.”

பார்த்துவிட்டான்.

வாயைத் திறக்கலாம். திறந்தால், ஃபாக்டரி பெயிண்ட் உன் மாட்டுக் கொம்புக்கு எப்படிடா வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மாடு போனதோடு வேலையும் போகும்.

கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. துக்கமும் வரவில்லை. தேய்க்கிற கைகூட வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். இப்போது செதில் செதிலாக வந்தது. பம்பர் இடுக்கில் பசுவின் கழுத்து மாலையிலிருந்து பிய்ந்த சாமந்தி ஒன்று சிக்கியிருந்தது. அதையும் எடுத்துப் போட்டான்.

மேனேஜர் வெளியே வந்து, குனிந்து, வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார்.

“அட, இருந்த இடமே தெரியலையே. சரி, நீ கிளம்புப்பா. வீட்ல மாட்டுக்குப் படையல் போடணும் இல்ல?”

“ஆமா சார்.”

அவர் உள்ளே போனதும், நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சையையும் கிருஷ்ணாயில் விட்டுத் துடைத்தான். காரை இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தான். சுத்தமாக இருந்தது.

இனிமேல் கும்மிடிப்பூண்டியில் எந்தக் காரிலும் பச்சை இல்லை. செல்லியம்மாள் கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம். அது பொய்யாகக்கூட இருக்காது.