வாசலில் ஒரு பாய்

“அண்ணா, விளக்குமாத்தைக் கீழே போடு. வாசல்ல ஆள் இருக்கு.”

லெவி தினமும் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தான். எழுந்தான். அடுப்பு மூட்டினான். கொக்கோ காய்ச்சினான். மூன்று குவளைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். மனைவி இறந்து ஒரு வருடமாகியும் கைகளுக்கு அது பழகவில்லை. அடுத்து வாசலில் உதிர்ந்த ஈரப்பலா இலைகளைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்திருந்தான்.

தங்கை மாசினா ஜன்னலோரம் நின்றிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

வாசல் புல்லில் ஓர் உருவம் மண்டியிட்டுக் குனிந்திருந்தது. தலைமுதல் கால்வரை தாழம்பாய் மூடியிருந்தது. விசேஷத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற, பட்டுப்போல் மெல்லிய பாய்.

சமோவா வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறார்கள். அடிபட்டவர் வீட்டார் பாயை எடுத்துவிட்டால் மன்னித்துவிட்டதாக அர்த்தம். அதுவரை உள்ளே இருப்பவர் எழக்கூடாது.

“ரோபாதியா?”

“வேற யாரு? என் அருமைப் புருஷன்தான். ஆனா இவ்வளவு காலையில எழுந்து வந்தது ஆச்சரியம்ணா, கல்யாணத்தன்னைக்கே அவனைத் தட்டித்தான் எழுப்பினாங்க.”

“தனியா வந்திருக்கான். சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம்.”

“அவன்கூட எவன் வருவான்?”

மழை தூற ஆரம்பித்தது. உருவம் அசையவில்லை. செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சோலி மாமா குடையோடு எட்டிப் பார்த்தார்.

“டேய் லெவி! மனுஷன் நனையறான். நீயெல்லாம் ஒரு குடும்பத் தலைவனா? பாயை எடுத்துவிட்டு, சூடா ஒரு கொக்கோ குடுடா!”

“நனையறவன் மேல இவ்வளவு இரக்கமா மாமா?” என்றாள் மாசினா. “எலும்பு உடைஞ்சவ மேலயும் கொஞ்சம் வைங்களேன்.”

குடை வேலிக்குப் பின்னால் மறைந்தது.

“ஊரே பார்க்குது. எடுத்துடட்டுமா?” என்றான் லெவி. “எடுத்தா எழுந்து போயிருவான். நீ இங்கேயே இரு. கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

“எங்கே நடக்கும்? ‘குடும்பமே மன்னிச்சாச்சு’ன்னு ஜட்ஜ் தண்டனையைக் குறைச்சிருவார். பாயைக் காட்டித் தண்டனையைக் குறைக்காதீங்க, சட்டத்தை மாத்துங்கன்னு சமோவா முழுக்க அலைஞ்சு கையெழுத்து வாங்கறவ நான். என் வீட்டு வாசல்லயே பாயை எடுத்தா, கையெழுத்துப் போட்ட பொம்பளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“திங்கட்கிழமைக்குச் சாட்சி கிடைச்சுதா?”

மாசினா தலையாட்டினாள். இல்லை.

“அன்னைக்கு அவன் வீட்டுல இருந்தது அத்தை மட்டும்தான். அவங்க போலீஸ்கிட்ட, ‘மருமக வழுக்கி விழுந்துட்டா’ன்னு சொல்லிட்டாங்க. அக்கம்பக்கத்துல கேட்டா, ரேடியோவுல சர்ச் பாட்டுதான் கேட்டுச்சாம். நான் அவ்வளவு கத்தியும்.”

லெவி கொக்கோவை ஊற்றினான். ஒரு குவளையை அவளுடைய இடது கையில் கொடுத்தான். அவள் குடிக்காமல் கீழே வைத்தாள்.

“நானே போய்ச் சொல்லிட்டு வரேன்.”

“நானும் வரேன்.”

“கூட வா. ஆனா பாயைத் தொடாதே.”

இருவரும் மழையில் இறங்கினார்கள். உருவத்துக்கு ஓரடி முன்னால் மாசினா நின்றாள்.

“ரோபாதி, கேட்டுக்கோ. நான் மன்னிக்கல. நீ நாளெல்லாம் நனைஞ்சாலும் யாரும் இந்தப் பாயை எடுக்கப் போறதில்லை. சாட்சி இல்லைன்னு தெரியும். இருந்தாலும் திங்கட்கிழமை ஆபியா கோர்ட்டுல வந்து நிப்பேன். எழுந்து போ.”

பாய் குலுங்கியது. உள்ளே அழுகை. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

“அவன் இன்னும் தூங்கறான், மாசினா.”

மாசினா பின்னால் ஓரடி வைத்தாள். அவளுடைய மாமியார் தீரேசாவின் குரல் அது.

“இது அவனுக்காகப் போர்த்துக்கிட்ட பாய் இல்லம்மா. அன்னைக்கு ரேடியோவைச் சத்தமா வச்சது நான்தான். இப்ப எடுக்காதே. திங்கட்கிழமை நான் சாட்சி சொல்லிட்டு வந்து, மறுபடியும் இங்கேயே உக்காருவேன். அப்ப எடுக்கலாம்னு தோணினா எடு.”