மெத்தைக் கிடங்கின் சாவி

“கதவு உன்னோடதுதான்டா...”

சாவியைக் கையில் வைக்கும்போது மெத்தை அண்ணன் இப்படித்தான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகும் ஏதோ சொல்வார். பாட்டுக்காரன் தாடிக்கு முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது. பேட்டிகளுக்கு அதுவே தாராளம்.

அந்தச் சாவிதான் இப்போது திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“தள்ளு, நான் பாக்கறேன்” என்று டிரம்ஸ்காரனும் திருகிப் பார்த்தான். “மச்சான், கதவுல பதிச்ச பூட்டையே மாத்திட்டாங்க. பாரு, பளபளன்னு இருக்கு.”

தாடிக்குச் சுர்ரென்று ஏறியது.

மெத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கு அது. நாலு சுவரோரமும் கூரை முட்ட மெத்தை. உள்ளே என்ன அடி அடித்தாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. வாசிக்க இடமில்லாமல், போகிற வீட்டிலெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு அலைந்த தாடியின் குழுவை அண்ணன்தான் கூப்பிட்டு உள்ளே விட்டார். வாடகை என்று வாயே திறக்கவில்லை. அவர்களுடைய முதல் ஆல்பத்தை மெத்தை வாங்க வந்த ஒவ்வொருவர் தலையிலும் கட்டினார்.

“மெத்தை நல்லாருக்கு. பாட்டுதான் தூங்கவிடல” என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

“அப்ப பாட்டும் நல்லாருக்குன்னு அர்த்தம்மா” என்றார் அண்ணன்.

அவர் போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கச்சேரி. அதற்கு முன்னால் இந்தக் கிடங்கிலேயே ஒரு பாட்டைப் படமெடுத்து வெளியிடலாம் என்று கேமராவோடு வந்தால், புதுப் பூட்டு.

“எல்லாம் அண்ணி வேலை. அவங்களுக்கு எப்பவுமே நம்மளக் கண்டா ஆகாது” என்று பல்லைக் கடித்தபடி கடையின் முன்பக்கம் போனான் தாடி.

அண்ணி ஒரு மெத்தைக்கு ஃபோம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“கிடங்குப் பூட்டை யாரக் கேட்டு மாத்தினீங்க?”

அவள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. “என் கடைப் பூட்டுக்கு யாரப்பா கேக்கணும்?”

“உங்க கடையா? அண்ணன் எங்களுக்குக் குடுத்த இடம் அது!” கையிலிருந்த சங்கிலியைத் தூக்கிக் காட்டினான். முனையில் சாவி ஆடியது. “இத்தனை வருஷமா இத கழுத்துல போட்டிருக்கேன்!”

“கழுத்துல போட்டிருக்க, சரி. கடைசியா எப்ப அதால கதவத் திறந்த?”

“அது... சொந்தமா ஸ்டுடியோ போட்டப்புறம் வர நேரமில்ல. அதுக்காக?”

“ஏசி ஸ்டுடியோவாமே. உங்க அண்ணன் சொன்னாரு.”

“பேச்ச மாத்தாதீங்க! கிடங்க வாடகைக்கு விடப்போறீங்க, அதானே? அவர் கண்ண மூடினதும் உங்களுக்குக் காசு கண்ணுக்குத் தெரியுது!”

கட்டில் பார்க்க வந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்ஸ்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “டேய், விடுடா.”

“விடமாட்டேன்! எல்லாரும் கேக்கட்டும். பாட்டா கேட்ட இடத்த மயான அமைதியா ஆக்கிட்டாங்க. அவர் இருந்திருந்தா நெஞ்சே வெடிச்சிருக்கும்!”

அண்ணி கத்தரியை வைத்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். “வா” என்று முன்னால் நடந்தாள்.

கிடங்குக் கதவு திறந்ததும் சத்தம் வந்து தாடியின் முகத்தில் அறைந்தது.

உள்ளே ஒரு பெண் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். ஒருவன் டேப் ஒட்டிய டிரம்மைப் போட்டு மொத்திக்கொண்டிருந்தான். இன்னொருவனின் கிடார் ஒரு திசையிலும் பாட்டு ஒரு திசையிலும் போய்க்கொண்டிருந்தது. தாடியைப் பார்த்ததும் எல்லாம் நின்றது.

“ஐயோ, தாடி அண்ணா!” என்றாள் அந்தப் பெண்.

“யார் நீங்கல்லாம்? யாரு உள்ள விட்டா?”

“பெரியவர்தாண்ணா. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால கூப்பிட்டு சாவி குடுத்தாரு. அதுவரைக்கும் பாலத்துக்கு அடியிலதான் வாசிச்சோம். போலீஸ் வந்தா டிரம்மத் தூக்கிட்டு ஓடுவோம்.”

“பாலத்துக்கு அடியில ஏன்? முன்னாடியே இங்க வந்து கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டாங்க” என்றாள் அண்ணி. “ரெண்டு வருஷமா கேட்டாங்க. சாவி உன்கிட்ட இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாரு. ‘கடையில இருக்கற இன்னொரு சாவியக் குடுங்களேன்’னு நான்கூடச் சொன்னேன். ‘கூடாது, அவன் தானாக் கொண்டுவந்து குடுப்பான்’னுட்டாரு.”

“நான் எதுக்குக் குடுக்கணும்?”

அந்தப் பெண்ணுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. “ஏண்ணா, உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே? ‘கதவு உன்னோடதுதாம்மா, உனக்கு வேற கதவு திறக்கிற வரைக்கும். திறந்த அன்னிக்கே சாவிய அடுத்த ஆளுக்குக் குடுத்துடணும்’னு.”

டிரம்ஸ்காரன் கேமராப் பையின் ஜிப்பை மெதுவாக மூடினான்.

தாடிக்குக் கோபம் இறங்கவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மறுபடியும் அண்ணி மேலேயே பாய்ந்தான்.

“எல்லாம் சரி. பூட்ட மாத்தறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? அவ்வளவு வன்மமா என்மேல?”

“நான் எங்கப்பா மாத்தினேன்? அவர் படுக்கையில கிடந்தப்போ டிவில உன் பேட்டி வந்துச்சு. இந்தச் சாவியக் காட்டி, ‘சாகற வரைக்கும் இத யாருக்கும் குடுக்கமாட்டேன்’னு கண் கலங்கினியே. தலகாணிய உயர்த்தி வைக்கச் சொல்லி, முழுசாப் பாத்தாரு.”

“பாத்துட்டு... என்ன சொன்னாரு?”

“‘நல்லாப் பேசறான்’னாரு. அப்புறம் பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”